‘நீங்கள்’ என்றால் இருவர்

அன்புள்ள அம்மா,

நான் டெக்சஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். எச்-1பி வேலை விசா. கல்யாணமாகி ஒன்றரை வருடம். மனைவி என்னைச் சார்ந்தவளாக எச்-4 விசாவில் வந்து பத்து மாதம் ஆகிறது. கோவையில் ஆறு வருடம் கார் ஓட்டியவள். போன மாதம் இங்கே ரோடு டெஸ்ட் பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். என் இன்ஷூரன்ஸில் அவளைச் சேர்க்க விசாரித்தேன். என் பிரீமியம் ஆறு மாதத்துக்கு 780 டாலர். அவளைச் சேர்த்தால் 1,190 என்கிறார்கள். சொல்லாமலே விட்டுவிடு, எப்போதாவது ஓட்டினால் ‘பர்மிஸிவ் யூஸ்’, அதாவது சொந்தக்காரர் அனுமதியோடு ஓட்டியது, என்று கவர் ஆகிவிடும் என்கிறான் ஒரு நண்பன். எழுதிக்கொடுத்து விலக்கிவிடு, பிரீமியம் ஏறாது என்கிறான் இன்னொருவன். டிரைவராக மட்டும் சேர், பாலிசியில் அவள் பெயர் எதற்கு என்கிறான் மூன்றாமவன். அவள் ஓட்டப்போவது கடைக்கும் கோயிலுக்கும்தான். இந்திய லைசென்ஸைக் காட்டினால் குறையுமா? என் கார் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது, என் பெயரில் லோன் இருக்கிறது. இங்கே வந்து குடியேறிய பெண்களைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ம., ஃபிரிஸ்கோ

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கணக்குக்காக. இரண்டாம் முறை ‘என்’ என்ற சொல்லை எண்ணுவதற்காக. என் இன்ஷூரன்ஸ், என் பிரீமியம், என் கார், என் பெயரில் லோன். நான்கு. உங்கள் மனைவியின் பெயர் ஒரு முறைகூட வரவில்லை. நீங்கள் நல்லவர் என்பது தெரிகிறது. கெட்டவராக இருந்தால் யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்துக்கொண்டு பதில் எழுத எனக்குத் தெரியாது.

போன வாரம் பழைய ஃபைல்களைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது 1998-ஆம் வருடத்துக் கார் பாலிசி ஒன்று கையில் கிடைத்தது. அதைக் கிழிக்க முடியாமல் மேசைமேல் வைத்திருக்கிறேன். அது அங்கே கிடக்கும்போது உங்கள் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். இந்திய லைசென்ஸ்: பெரும்பாலான கம்பெனிகள் இங்கே உரிமம் கிடைத்த தேதியிலிருந்துதான் வருடத்தை எண்ணும். வெளிநாட்டு அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் கம்பெனிகளும் உண்டு, ஆனால் நீங்கள் கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நான்கைந்து இடங்களில் கேளுங்கள். ஒரே ஆளுக்கு, ஒரே காருக்கு, கம்பெனிக்குக் கம்பெனி விலை மலைக்கும் மடுவுக்குமாக மாறும். எஸ்.எஸ்.என். (சோஷியல் செக்யூரிட்டி எண்) இல்லையே என்று கவலை இருந்தால், பொதுவாக உரிம எண்ணே போதும். கல்யாணமானவர்களுக்குப் பல கம்பெனிகள் கட்டணம் குறைக்கின்றன. உங்கள் பாலிசியில் இன்னும் ‘சிங்கிள்’ என்றே இருக்கிறதா என்று பாருங்கள்.

சொல்லாமல் விட்டுவிடச் சொன்ன நண்பரிடம் இனி இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்காதீர்கள். பர்மிஸிவ் யூஸ் என்பது ஊரிலிருந்து வந்த மச்சான் ஒருநாள் உங்கள் காரை எடுத்துப் பால் வாங்கப் போவதற்கு. ஒரே வீட்டில் குடியிருக்கும் மனைவிக்கு அல்ல. ஓட்டும் வயதில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள், ரினியூவலிலும் கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால், க்ளெய்ம் வரும் அன்று உங்கள் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை.

இரண்டாவது நண்பர்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

உங்கள் மாநிலத்தில் அந்த விலக்கல் தாளுக்கு 515ஏ என்று எண். ஒரு பக்கம்தான். அதில் நடுவே ஒரு கோடு, அந்தக் கோட்டில் ஒரு பெயர் எழுத வேண்டும். கீழே நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் ஓட்டும்போது இந்த பாலிசியின் எந்தப் பாதுகாப்பும் செல்லாது என்பதுதான் அதன் சாரம். உங்கள் காரை ஓட்டும்போது மட்டுமல்ல, வேறு எந்த வண்டியை ஓட்டினாலும். இடித்தவருக்குக் கொடுக்கும் பணம் இல்லை. உங்கள் காரைச் சரிசெய்யும் பணம் இல்லை. காயம்பட்ட அவளுடைய மருத்துவத்துக்கு வர வேண்டியதும் இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லாத ஒருவன் வந்து அவள்மேல் மோதினால் கிடைக்க வேண்டியதையும் அதே கையெழுத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறீர்கள். லோன் மட்டும் அப்படியே நிற்கும், மாதாமாதம். போலீஸ் நிறுத்தினால் அவள் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவள், முதல் முறைக்கு 175 முதல் 350 டாலர் வரை அபராதம்.

இதெல்லாம் அவள் ஓட்டினால்தானே என்பீர்கள். ஃபிரிஸ்கோவில் ஓட்டாமல் எப்படி இருப்பாள்? டாலஸ் வட்டாரத்துப் பஸ், ரயில் சேவையான டார்ட்டில் சேராத ஊர் உங்களுடையது. பஸ் நிறுத்தத்தில் நின்று எங்கேயும் போய்விட முடியாது. கோடையில் நாற்பது டிகிரி வெயிலில் ஆறு வழிச் சாலையைக் கடந்து கடைக்கு நடப்பாளா? அனுமார் கோயிலுக்கு நடப்பாளா? விலக்கல் தாளில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் ஒன்று அவளை வீட்டில் பூட்டிவைக்கிறீர்கள், இல்லையென்றால் பாதுகாப்பே இல்லாமல் டால்வே என்ற சுங்க நெடுஞ்சாலையில் இறக்கிவிடுகிறீர்கள். மாதக் கணக்கில் பார்த்தால் 68 டாலர் சொச்சத்துக்காக.

இன்னொன்றும் சொல்கிறேன். டெக்சஸ் கணவன் மனைவி சொத்தைப் பொதுச் சொத்தாகப் பார்க்கும் மாநிலம். ஸ்பானியர் ஆண்ட காலத்திலிருந்து வந்த மரபு அது. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் சம்பளத்தில் வாங்கிய காரில், பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும், பொதுவாக அவளுக்கும் பங்கு உண்டு. ‘என் கார்’ என்று எழுதினீர்களே, சட்டப்படியே அது அப்படி இல்லை. அவளுக்கும் சொந்தமான காரிலிருந்து அவளை விலக்க நீங்கள் ஒருவர் கையெழுத்துப் போட யோசிக்கிறீர்கள்.

இப்போது என் மேசைமேல் கிடக்கும் பாலிசிக்கு வருகிறேன்.

1998 ஆகஸ்டில், நியூ ஜெர்சியில் எடிசனில், நான் உரிமம் வாங்கினேன். முன்னும் பின்னும் நகர்த்திக் காரைத் திருப்பும் கே-டர்ன் போட்டு, இரண்டு கம்புகளுக்கு நடுவே பேரலல் பார்க்கிங் செய்து, முதல் முயற்சியிலேயே பாஸ். ஓக் ட்ரீ ரோட்டில் என் கணவர் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். பாலிசியில் என் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டபோது, அடுத்த ரினியூவலில் பார்த்துக்கலாம் என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. நாட்டிலேயே கார் இன்ஷூரன்ஸ் அதிகம் நியூ ஜெர்சியில்தான் என்று அன்றைக்குப் பேப்பரில் வாரம் தவறாமல் வரும். அந்த வருடம்தான் செலவைக் குறைக்கவென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரே சம்பளம், கைக்குழந்தை. அவர் பயந்தார். உங்களைப் போலவே.

உரிமம் டிராயரில் கிடந்தது. அதன்மேல் கூப்பன்கள் சேர்ந்தன.

1999 ஜனவரியில் ஒரு ராத்திரி அவருக்குச் சிறுநீரகக் கல் வலி. தரையில் சுருண்டு கிடந்தார். வெளியே பனி பெய்து ஓய்ந்திருந்தது, சாலையில் உப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். சாவி ஆணியில் தொங்கியது. டிராயரைத் திறந்து உரிமத்தையும் எடுத்துவிட்டேன். எடுத்துக்கொண்டு கதவருகில் நின்றேன். “உனக்கு இன்ஷூரன்ஸ் இல்லடி, ஏதாவது ஆச்சுன்னா எல்லாம் போச்சு” என்று அந்த வலியிலும் அவர் சொன்னார். நான் சாவியை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் ஒரு குஜராத்திப் பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். மொத்தம் நாற்பது நிமிஷம். கல் தானே, பிழைத்துக்கொண்டார். அந்த நாற்பது நிமிஷமும் உரிமம் என் கையிலேயே இருந்தது, வியர்வையில் ஈரமாகி.

போன வாரம் அந்த பாலிசியை முதல் முறையாகப் படித்தேன். முதல் பக்கத்தில் அவர் பெயர் மட்டும். சில பக்கம் தள்ளி, சொற்களுக்கு விளக்கம் கொடுக்கும் இடம். முதல் விளக்கமே ‘நீங்கள்’ என்ற சொல்லுக்குத்தான். இந்த பாலிசியில் ‘நீங்கள்’, ‘உங்கள்’ என்று வரும் இடமெல்லாம் முதல் பக்கத்தில் பெயர் உள்ளவரையும், அதே வீட்டில் குடியிருந்தால் அவருடைய துணைவரையும் குறிக்கும் என்று போட்டிருந்தது. திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்த ராத்திரி அந்தத் தாளின்படி நானும் ‘நீங்கள்’தான். பெயரில்லாமலே அதற்குள் இருந்திருக்கிறேன். வீட்டில் இரண்டு பேர் ஆங்கிலம் படித்தவர்கள், ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் சொல்லாமலே விடலாமே என்று முதல் நண்பரிடம் ஓடாதீர்கள். உரிமம் வாங்கிய மனைவியை மறைத்தால் பாலிசியின் அடிப்படையையே கேள்வி கேட்கும் உரிமையை நீங்களே கம்பெனிக்குக் கொடுக்கிறீர்கள். நாங்கள் செய்ததும் தப்புதான். கம்பெனிக்குக் கம்பெனி வாசகமும் மாறும், உங்கள் பாலிசியில் என்ன போட்டிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். நான் சொல்ல வருவது வேறு. நம் வீடுகளில் அவள் அவரை ‘நீங்க’ என்பாள், அவர் அவளை ‘நீ’ என்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு கம்பெனிக்காரன் லாபக் கணக்குப் பார்த்து எழுதிய தாள், இருவரையும் சேர்த்து ஒரே ‘நீங்கள்’ என்கிறது. பிரிந்து வேறு வீட்டுக்குப் போனால்கூட உடனே வெளியே தள்ளுவதில்லை. இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும் பொதுவான படிவத்தில், அவளுக்கு வேறு பாலிசி வராமலும் இந்த பாலிசி முடியாமலும் இருந்தால், 90 நாள் வரை அவள் ‘நீங்கள்’தான். அந்தச் சொல்லுக்குள் இருப்பவளை 515ஏ-யின் கோட்டில் தனியாகப் பெயர் எழுதி வெளியே எடுக்க வேண்டுமா? பத்து மாதத்தில் இந்த நாட்டில் அவள் பெயர் எத்தனை தாளில் ஏறியிருக்கும்? விசாவில் உங்களைச் சார்ந்தவள் என்று ஒன்று. இந்த உரிமம் ஒன்று, அதிலும் ‘லிமிடெட் டேர்ம்’ என்று அச்சடித்திருப்பார்கள். (அதன் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். காலாவதியான உரிமத்தோடு ஓட்டினால் இவ்வளவு பேசியதும் வீண்.) மூன்றாவது தாள் விலக்கல் தாளாகவா இருக்க வேண்டும்?

மூன்றாவது நண்பர் ஓரளவு விவரமானவர், ஆனால் அவரும் தப்பு. டிரைவராக மட்டும் சேர்த்தால் ஓட்டலாம், அவ்வளவுதான். அவளாகப் போன் செய்து எதையும் மாற்ற முடியாமல் போகலாம், எல்லாவற்றுக்கும் நீங்கள் லைனில் வர வேண்டியிருக்கும். ‘நேம்டு இன்ஷூர்டு’ ஆக, அதாவது உங்களைப் போலவே பாலிசிதாரராக, சேருங்கள். 2001-இல் நான் எனக்கென்று ஒரு பழைய கார் வாங்கப் போனபோது, போனில் ஒரு பெண் கேட்டாள், இதுவரை எந்த பாலிசியில் இருந்தீர்கள் என்று. எதிலும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு தொகை சொன்னாள். உரிமம் வாங்கிக் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகியும், இன்ஷூரன்ஸ் வரலாறு இல்லாதவள் என்று கட்டணம். அவர் மிச்சம் பிடித்ததை எல்லாம் நான் திருப்பிக் கட்டினேன். உங்கள் மனைவியின் வரலாறு இந்த மாதமே தொடங்கட்டும். விபத்தும் டிக்கெட்டும் இல்லாமல் வருடங்கள் போகப் போக அவளைச் சேர்ப்பதால் ஏறும் அந்த 410 டாலர் இறங்கும்.

குறைக்க வேண்டுமென்றால் க்ளெய்மில் நீங்கள் கையிலிருந்து போடும் டிடக்டிபிளை உயர்த்துங்கள், டிஃபென்ஸிவ் டிரைவிங் வகுப்புக்குத் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். நீங்கள் இடித்தவருக்குக் கம்பெனி கொடுக்கும் பொறுப்புத் தொகையில் மட்டும் கை வைக்காதீர்கள். டெக்சஸின் குறைந்தபட்சம் 30/60/25. எல்லாம் ஆயிரம் டாலர் கணக்கு: காயம்பட்ட ஒருவருக்கு, ஒரு விபத்தில் காயம்பட்ட எல்லாருக்கும், சேதமான பொருளுக்கு. எதிராளியின் காருக்கு 25,000 டாலர்தான். டால்வேயில் உங்கள் முன்னால் போகும் வண்டிகளைப் பார்த்தாலே அது எத்தனை போதாது என்று தெரியும். காயத்துக்கு 100/300 எடுங்கள், பொருள் சேதத்துக்கான தொகையையும் உயர்த்துங்கள்.

அப்புறம், திங்கட்கிழமை போன் செய்யும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். பெயர், பிறந்த தேதி, உரிம எண் கேட்பார்கள். அவளே சொல்லட்டும்.