பத்துக்கு ஆறரை

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குப் பெருந்துறை. ஈரோட்டில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தியேட்டருக்குப் போவது பழைய வழக்கம். இப்போது வார நாட்களிலும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஓடிடியில் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிடுகிறேன். பார்த்த கையோடு எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான்கு வரி எழுதி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போடுவேன். "முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி இழுவை, அப்பாவாக வருகிறவர் நன்றாகச் செய்திருக்கிறார், 6.5." இவ்வளவுதான் என் விமர்சனம்.

நான் 7.5 போட்டேன் என்பதற்காக, காங்கயத்திலிருந்து என் பெரிய மாமா பேரன் பேத்திகளையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு படத்துக்குப் போனார். படம் பிடிக்கவில்லை. தியேட்டர் வாசலில் நின்றே போன் செய்து என்னைப் பிடித்துக்கொண்டார். அது போதாதென்று, "இணையத்தில் 92 சதவீதம் வாங்கிய படத்துக்கு 6 போடுகிறாயே, நீ என்ன பெரிய விமர்சகனா?" என்று என் மச்சான் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

சினிமா தெரியாதவன் மதிப்பெண் போடலாமா? நீங்கள் ஏன் போடுவதே இல்லை? சமீபத்தில் பார்த்த படங்களுக்குப் போடச் சொன்னால் எவ்வளவு போடுவீர்கள்? நான் இதுவரை போட்ட மதிப்பெண்களின் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஒரு பெருந்துறை வாசகர்
(பெயர் வேண்டாம். மச்சானும் உங்கள் தளத்தைப் படிக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

மச்சான் படிக்கிறார் என்பதால் அவருக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்லும் 92 சதவீதம் அனேகமாக ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் பார்த்ததாக இருக்கும். 1998-இல் தொடங்கிய தளம் அது. அங்கே சதவீதம் என்பது மதிப்பெண் அல்ல, தலை எண்ணிக்கை. நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் படத்தைப் பற்றி நல்லவிதமாக எழுதினார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. "பார்க்கலாம், தப்பில்லை" என்று நூறு பேரும் அரை மனதோடு எழுதினாலும் அந்தப் படத்துக்கு அங்கே 100 சதவீதம். நாற்பது பேர் தலையில் தூக்கி வைத்து ஆடி, அறுபது பேர் காறித் துப்பிய படத்துக்கு 40. அறுபதுக்குக் கீழே போனாலே அழுகிய தக்காளி என்று முத்திரை குத்திவிடுவார்கள். இந்த இரண்டு படங்களில் எதைப் பார்ப்பேன் என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆகவே 92 பேர் தலையாட்டிய ஒரு படத்துக்கு நீங்கள் போட்ட 6 அவர்களுக்கு எதிரானதே அல்ல. அந்த 92 பேரில் பாதிப் பேரின் மனதிலும் 6-தான் இருந்திருக்கும்.

ஐஎம்டிபி தளத்தில் பார்வையாளர்களே பத்துக்கு இத்தனை என்று நேரடியாகப் போடுகிறார்கள். ஆனால் அதுவும் வெறும் சராசரி அல்ல. எல்லா வாக்குக்கும் ஒரே எடை கொடுப்பதில்லை என்று அந்தத் தளத்தினரே சொல்கிறார்கள். எப்படி எடை போடுகிறார்கள் என்பதை வெளியிடுவதில்லை. ரசிகர்கள் கூட்டமாகப் போய்ப் பத்துப் பத்தாகக் குத்துவதும், எதிர்க் கூட்டம் ஒன்று ஒன்றாகக் குத்துவதும் உலகறிந்த கூத்து. கடைசியில் கிடைக்கும் எண் யாருடைய கருத்தும் அல்ல.

உங்கள் 6.5 உங்களுடைய கருத்து. நான் பெரிதாக நினைப்பது அதைத்தான்.

கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அழுத்துகிற விரல் ஆயிரமா பத்தாயிரமா என்பது துண்டுக்குள் கைவிட்ட இருவருக்குத்தான் தெரியும். மாட்டையும் ஆளையும் அறிந்தவர்களுக்குள் மட்டும் செல்லுபடியாகிற எண் அது. உங்கள் குழுவில் நடப்பதும் அந்த வியாபாரம்தான். படத்தில் அப்பா செத்தால் நீங்கள் அரை மதிப்பெண் கூட்டிப் போடுவீர்கள் என்பது உங்கள் தம்பிக்குத் தெரியும். ரத்தம் தெறித்தால் ஒன்று குறைத்துவிடுவீர்கள் என்பது தங்கைக்குத் தெரியும். அவரவர் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டு போகிறார்கள். இதே 6.5-ஐ முன்பின் தெரியாத லட்சம் பேரின் எண்களோடு சேர்த்துக் கலக்கிவிட்டால், இந்தக் கூட்டல் கழித்தலுக்கு வழியே இல்லாமல் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் மாமா வாசலில் நின்றே உங்களைக் கூப்பிட்டுத் திட்டினார் அல்லவா? இணையத்தில் எட்டும் ஒன்பதும் போட்டவர்களில் ஒருவரையாவது அவரால் அப்படித் திட்ட முடியுமா? நீங்கள் கையில் அகப்படுகிற விமர்சகர். அகப்படுகிறவர் யோசித்துத்தான் எண் போடுவார். மாமாவிடம் போய் எந்த இடத்தில் பிடிக்காமல் போயிற்று என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். படம் பிடிக்கவில்லையா, அல்லது பேரப் பிள்ளைகள் இடைவேளைக்குப் பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று பிடுங்கி எடுத்தார்களா என்பது தெரிந்துவிடும். இரண்டாவதென்றால், அடுத்த முறை நீங்கள் சேர்க்க வேண்டியது மதிப்பெண் அல்ல, 'சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது' என்ற ஒரு வரி.

ஒரு காலத்தில் இந்தப் பேச்சுக்கு அவகாசம் இருந்தது. 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிக் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் சினிமா நம் பக்கத்தில் படிப்படியாகத்தான் இறங்கி வந்தது. புதுப்படம் முதலில் கோயம்புத்தூரில் ஓடும். பிறகு கோபி, பவானி மாதிரி ஊர்கள். கடைசியாகக் கிராமத்து டூரிங் டாக்கீஸ். விநியோகஸ்தர்கள் இதை ஏ, பி, சி சென்டர் என்பார்கள். ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் செலவு இருந்ததால் சில பிரிண்ட்களே சுற்றிச் சுற்றி வரும். பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகள் ஒரே பிரிண்ட்டைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒருவர் அங்கே பறப்பார். படம் வந்து சேருவதற்கு முன்பே, மில்லில் ஷிப்டு முடித்து வாரக் கடைசியில் ஊர் திரும்புகிறவரின் வாயில் படத்தின் கதி வந்து சேர்ந்துவிடும். டீக்கடையில் அதை ஆற அமர அலசுவார்கள். பிறகு படம் வரும்போது, அவர் சொன்னது சரியா என்று பார்ப்பதற்காகவே ஒரு கூட்டம் போகும்.

டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் வந்ததும் கோயம்புத்தூருக்கும் குக்கிராமத்துக்கும் ஒரே நாள், ஒரே காலைக் காட்சி. போட்ட பணத்தில் பெரும்பகுதியை முதல் மூன்று நாளில் எடுத்தாக வேண்டும். அதனால்தான் இந்த மூன்று நாளில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதில் இவ்வளவு பதற்றம். படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனத்தைத் தடை செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். அது கருத்துரிமை என்று சொல்லி நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. சரிதான். தக்காளி அழுகியிருக்கிறதென்று சொல்ல மூன்று நாள் பொறுக்க வேண்டுமென்றால் குழம்பு வைத்த மாதிரிதான்.

சினிமா தெரியாதவன் மதிப்பெண் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நூல் தெரியும். சமீபத்தில் ஒரு படத்தில் விசைத்தறிக் கூடம் வந்தது. கதாநாயகன் முதலாளியோடு உரக்க வாதாடுகிறான். பின்னால் தறி நின்றுகிடக்கிறது. நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓட வேண்டிய நாடா அசையவே இல்லை. சத்தம் மட்டும் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னை விமர்சகர்கள் ஒருவரும் இதை எழுதவில்லை. பள்ளிபாளையத்திலோ சோமனூரிலோ படம் பார்த்த யாரும் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அந்தக் காட்சிக்காக அரை மதிப்பெண் குறைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஏன் குறைத்தீர்கள் என்றும் எழுதிவிட்டால் அதுதான் விமர்சனம்.

உங்கள் பட்டியலில் எனக்குக் குறை ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய எல்லாமே ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவே கிடக்கின்றன. பத்து வரைக்கும் கோடு போட்டுவிட்டு ஒன்றரை அங்குலத்திலேயே குடித்தனம் நடத்துகிறீர்கள். ஆனந்த விகடன் நூற்றுக்கு மதிப்பெண் போட்ட காலத்தில் நாற்பதைத் தாண்டினாலே நல்ல படம். 1977-இல் '16 வயதினிலே' படத்துக்கு 62.5 கொடுத்தார்கள். அந்த எண்ணை இன்றைக்கும் சினிமாக்காரர்கள் ஒப்பிக்கிறார்கள் என்றால் காரணம், கொடுத்தவர்களின் கைக்கருமித்தனம்தான். எல்லாப் படத்துக்கும் அறுபது கொடுத்திருந்தால் அந்த 62.5-ஐ யார் நினைவில் வைத்திருப்பார்கள்? தைரியமாக மூன்று போடுங்கள். எப்போதாவது ஒன்பது போடுங்கள்.

கௌரவத்துக்காகவும் போடாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2017-இல் ஐந்து நட்சத்திர முறையைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரல் முறைக்கு மாறியது. ஆவணப் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் மூன்று நட்சத்திரம் கொடுத்த கோமாளிப் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். உங்கள் பட்டியலிலும் ஓர் 'உயர்ந்த' படத்துக்கு 7.5 இருக்கிறது, அதற்குக் கீழே மட்டும் ஒரு வரிகூட இல்லை. தூங்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் ஏன் போடுவதில்லை? இரண்டு பக்கம் எழுதி அடியில் ஓர் எண்ணையும் வைத்தால், எல்லோரும் எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பக்கம் அப்படியே கிடக்கும். எழுதுகிறவனுக்கு அது வயிற்றெரிச்சல். உங்களுக்காக இந்த ஒரு தடவை, கடைசியாகப் பார்த்த மூன்றுக்குப் போடுகிறேன். புதுப்படம் மட்டும் பார்ப்பவன் அல்ல நான்.

'மலைக்கள்ளன்' (1954). நாமக்கல் கவிஞரின் கதை. கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. அடுத்த ஆண்டே திலீப் குமாரை வைத்து இந்தியிலும் எடுத்தார். எம்.ஜி.ஆர். தாடி ஒட்டிக்கொண்டால் ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு உட்கார்ந்தால் இன்றைக்கும் ஓட்டம் குறையவில்லை. பானுமதி முறைக்கிற ஒவ்வொரு முறையும் படம் நிமிர்கிறது. 7. அதில் அரை, நம் ஊர்ப் படம் என்பதற்காக. தெரிந்தே போட்டேன், நீங்கள் கழித்துக்கொள்ளலாம்.

'மெய்யழகன்' (2024). வெளியான சில நாட்களிலேயே, நீளம் என்ற பேச்சு கிளம்பியதால், இயக்குநர் பிரேம்குமார் சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார். ஆகவே முதல் நாள் 7 போட்டவரும் பத்து நாள் கழித்து 7 போட்டவரும் ஒரே படத்துக்குப் போடவில்லை. இதற்காகவாவது எந்தத் தேதியில், எங்கே பார்த்தீர்கள் என்பதை மதிப்பெண்ணோடு எழுதுங்கள். எனக்குக் கல்யாண மேடைக் காட்சி ஒன்று போதும்: பல ஆண்டு கழித்து வந்த அண்ணன் கொடுத்த பொட்டலத்தை, வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல், தங்கை அங்கேயே பிரித்துப் பார்க்கிறாள். மொய்க் கவரை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் கல்யாணங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய விருந்து. இரவு முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற குறை நியாயம்தான். 8.

'சேத்துமான்'. தமிழ் என்ற இயக்குநர் பெருமாள்முருகனின் கதையிலிருந்து எடுத்து, 2022-இல் ஓடிடியில் வந்தது. பேரனைப் படிக்கவைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையில்லாத ஒரு தாத்தா, பன்றிக்கறிக்கு நாக்கு ஊறும் ஒரு பண்ணாடி (நிலக்காரர்). நம் பேச்சைச் சிரிப்புக்காக இழுத்துப் பேசாத படம். பண்ணாடி வீட்டுச் சண்டையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அடுத்த தெருவில் நடக்கிற மாதிரி இருக்கும். பன்றியைப் பிடித்து அறுத்துப் பங்கு பிரிக்கும் பகுதியில், யாருக்கு எந்தப் பங்கு என்ற பேச்சு மெல்ல மெல்ல வேறொன்றாகத் திரும்புவதைப் பாருங்கள். நான் 8.5 போடுவேன். 'மெய்யழகன்' படத்தைவிட அரைதான் கூட என்றாலும், அந்தப் படத்தை எல்லோருக்கும் சொல்வேன், இதைச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை. வார நாளில் தனியாகப் பாருங்கள். இதற்கு மட்டும் பார்த்த கையோடு குழுவில் எழுத வேண்டாம். மறுநாள் கடையில் சிட்டையை மூடிவிட்டு எழுதுங்கள்.