15ஆம் நூற்றாண்டுத் தேவாலய பெஞ்ச் விலைக்கு வருகிறது: வாங்கலாமா?

கேள்வி: லண்டனுக்கு அருகே வசிக்கிறேன். புது வீட்டின் முன்னறைக்காக இணையத்தில் ஓர் ஓக் மர பெஞ்ச் பார்த்தேன். சஃபோக் பகுதிக் கிராமத் தேவாலயம் ஒன்றிலிருந்து வந்தது, 15ஆம் நூற்றாண்டு என்கிறார் விற்பவர். சான்றிதழும் தருவாராம். முன்பணம் கட்டலாமா? பின்னால் வில்லங்கம் வருமா?

பதில்: கட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பெஞ்சின் முதுகுப் பக்கம் பாட்டுப் புத்தகம் வைக்கச் சாய்வான பலகை இருக்கிறது. ஓரத்தில் குடை செருக இரும்பு வளையம், கீழே தண்ணீர் சொட்ட ஒரு தட்டு. 15ஆம் நூற்றாண்டுச் சஃபோக் உழவன் கையில் புத்தகமும் இல்லை, குடையும் இல்லை. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலான கிராமக் கோயில்களில் மக்கள் நின்றுகொண்டோ மண்டியிட்டோதான் வழிபட்டார்கள். வரிசையான பெஞ்ச் பரவலானதே அந்த நூற்றாண்டில்தான். இன்று சந்தையில் புரளும் தேவாலய பெஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை விக்டோரியா அரசி காலத்தவை, அதாவது 19ஆம் நூற்றாண்டு. உங்களுடையதும் அப்படித்தான் தெரிகிறது.

நேரில் பார்த்தால் ஒன்று செய்யுங்கள். பெஞ்சைச் சாய்த்து அடிப்பக்கத்தில் டார்ச் அடியுங்கள். வில் வில்லாக வளைந்த அறுப்புக் கோடுகள் தெரிந்தால் வட்ட ரம்பம் அறுத்த பலகை, அநேகமாக 19ஆம் நூற்றாண்டு. பழைய பலகையின் கனம் ஓரிடம் போல் ஓரிடம் இராது. பழைய பெஞ்சின் ஓரப் பலகையின் அடி, தரையில் கிடந்த கனமான உத்தரத்தில் செருகப்பட்டிருக்கும். ஈரத்தில் மக்கிப்போவதும் அந்த இடம்தான்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். விற்பவரே எழுதி விற்பவரே கையெழுத்திடும் காகிதத்துக்கு என்ன மதிப்பு? மாப்பிள்ளையின் குணத்துக்குத் தரகர் தரும் உத்தரவாதம் போலத்தான். நீங்கள் கேட்க வேண்டிய காகிதம் வேறு. இங்கிலாந்துத் திருச்சபையின் கோயிலில் உள்ள தட்டுமுட்டுப் பொருள்கள் சட்டப்படி அந்தக் கோயிலின் வார்டன்கள் (சபையார் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர்கள்) பெயரில் இருக்கும். ஆனால் பழம்பொருளை விற்க அவர்களுக்கே தனி அதிகாரம் கிடையாது. பேராயத்தின் (ஓர் ஆயரின் கீழ் வரும் திருச்சபைப் பகுதி) நீதிமன்றம் ‘ஃபேகல்டி’ என்ற அனுமதி தர வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். அனுமதி இல்லாமல் வந்த பொருளையும் திருட்டுப் பொருளையும் காசு கொடுத்து வாங்கினாலும் உங்களுக்கு உரிமை நிலைக்காது. திரும்பக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. டெவனில் உள்ள டார்பிரையன் கோயிலின் மரத்தடுப்பில் 15ஆம் நூற்றாண்டில் தீட்டிய புனிதர் ஓவியங்கள் உண்டு. 2013இல் அவற்றில் இரண்டு பலகைகளைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். இணைய விற்பனையில் சேகரிப்பாளர் ஒருவர் கண்ணில் பட்டதால்தான் லண்டன் போலீஸ் 2015இல் அவற்றை மீட்டது.

அனுமதிக் காகிதம் கேட்பதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் வியாபாரி நாளை அதைத்தான் சொல்வார், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். விக்டோரியா காலத்தில் கோயில்களைப் ‘புதுப்பித்தபோது’ நல்ல பழைய பெஞ்சுகளையும் பெயர்த்து வெளியே போட்டார்கள். சில மாளிகைகளுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போயின. அவை நூறு நூற்றைம்பது ஆண்டுகளாகக் கைமாறி வருபவை. இன்று யாரும் அவற்றுக்கு அனுமதிக் காகிதம் காட்ட முடியாது. சரி. ஆனால் அப்படிப்பட்ட பொருளுக்கு வேறு தடம் இருக்கும்: மாளிகையின் பழைய புகைப்படம், ஏலப் பட்டியல், சொத்துக் கணக்கு. “பெரிய குடும்பத்துப் பொருள், பெயர் சொல்லக் கூடாது” என்பது தடம் ஆகாது. இன்னொரு சிக்கல்: அக்காலத் தச்சர்கள் பழைய ஓரப் பலகையை வைத்துக்கொண்டு நடுவில் புது இருக்கை பொருத்தினார்கள். அப்போது ஓரம் 15ஆம் நூற்றாண்டு, உட்காரும் இடம் 19. விலை மட்டும் முழுவதற்கும் 15ஆம் நூற்றாண்டு விலை!

ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கோயிலின் வார்டனுக்கும் பேராயப் பதிவாளருக்கும் படத்தை அனுப்புங்கள். கோயிலின் சொத்துப் பட்டியலைப் பராமரிப்பது வார்டன்களின் கடமை. பதில் வரச் சுணங்கும், அதற்குத் தயாராக இருங்கள். கூரை ஒழுகும் சிறு கிராமக் கோயில் நாலு பெஞ்சை முறைப்படி விற்க ஆலோசனைக் குழு, 28 நாள் அறிவிப்பு, நீதிமன்றம் என்று படியேற வேண்டும். திருடனுக்கோ ஒரு கடப்பாரை போதும். பதிவுகளும் பேராயத்துக்குப் பேராயம் தனித்தனியே கிடக்கின்றன. வாங்குகிறவர் எளிதாகத் தேடிப் பார்க்க ஒரே பட்டியல் வைக்க ஏன் முடியவில்லை என்று பலமுறை கேட்டாகிவிட்டது.

ஊர்ப் பெயர் தர மறுத்தால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். உட்கார நல்ல பெஞ்ச்தான் வேண்டுமென்றால், விக்டோரியா காலப் பைன் பெஞ்சை அதற்குரிய விலையில், முறைப்படி விற்கும் கோயிலிடமே வாங்குங்கள். புழுத்துளை இருக்கிறதா பாருங்கள். முதலில் உங்கள் முன்வாசலின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். இவை மிக நீளமானவை.