அளவுக்கூடத்து வேலையில் வளர்ச்சி உண்டா? குடியாத்தத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த தங்கள் மகளுக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் சி.எம்.எம். (பாகத்தைப் பல புள்ளிகளில் தொட்டு அளக்கும் கணினி இயந்திரம்) உள்ள அளவுக்கூடத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், எல்லாவற்றையும் கணினியே அளந்துவிடும்போது அவளுக்கு அங்கே என்ன வளர்ச்சி என்றும் கேட்டிருக்கிறீர்கள். தங்கள் கவலை நியாயமானது. ஆனால், கணினி காட்டும் எண் எப்படி வந்தது என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த அறையில் மதிப்பு என்பதால், ஒரேயொரு கணக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ட்ராயிங்கில் ஒரு வளைந்த பரப்புக்கு ப்ரொஃபைல் டாலரன்ஸ் (வடிவம் விலகலாம் என்று அனுமதிக்கும் பட்டையின் மொத்த அகலம்) 0.5 மி.மீ. என்றும், அதையடுத்து வட்டத்துக்குள் யூ என்ற எழுத்தும், அதன் பின் 0.2 என்றும் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் ட்ராயிங் தரநிலையின் 2009 பதிப்பில் வந்த இக்குறியின்படி, பரப்பு பொருள் கூடும் பக்கம் 0.2 வரையும், குறையும் பக்கம் மீதி 0.3 வரையும் விலகலாம். ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தரநிலை முறையில் எழுதினால் இதுவே 0.5 யூ இசட் −0.05 ஆகும், அங்கே இரண்டாம் எண் டாலரன்ஸ் பட்டையின் நடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைக் குறிக்கிறது. ஒரு முறையின் எண்ணை மற்றதன் பொருளில் படித்தால் நல்ல பாகமே ஸ்கிராப் ஆகிவிடும்.

இனி மென்பொருளுக்கு வருவோம். தொட்ட புள்ளிகளில் மிகுதியான விலகல் +0.15, குறைவானது −0.35 என்று வந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் அமைப்பு 0.50 என்று காட்டும், எல்லை −0.3-ஐத் தாண்டிய பாகம் தேறியதாகிவிடும். வேறொரு பாகத்தில் +0.05, −0.28 என்று வந்தால், இரு பக்கமும் சமம் என்று எண்ணிப் பெரிய விலகலை இரட்டிக்கும் அமைப்பு 0.56 என்று காட்டி, சரியான பாகத்தைத் தள்ளிவிடும். பட்டையின் நடுவான −0.05-இலிருந்து அளந்து, பெரிய விலகலை இரட்டித்தால் முன்னது 0.60, பின்னது 0.46; முடிவும் சரியாகிவிடுகிறது. இதைவிட நுட்பமான தவறும் உண்டு: கேட் மாதிரியில் (பாகத்தின் கணினி வரைவில்) பரப்பின் திசை தலைகீழாக இருந்தால் கூட்டல் கழித்தலாகிவிடும். சமமாகப் பிரித்த டாலரன்ஸில் அது கண்ணில் படாது, இங்கே படும். டேட்டத்தில், அதாவது ட்ராயிங் குறிக்கும் ஆதாரப் பரப்பில், நிறுத்தி அளக்கவேண்டிய பாகத்தை மென்பொருள் பெஸ்ட் ஃபிட் செய்து, அதாவது மாதிரியோடு மிக நெருங்கிப் பொருந்தும்படி, நகர்த்திவிட்டதா என்பதையும் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

அந்த ஒருவராகத் தங்கள் மகள் இருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே சேருமுன் சம்பளத்தைவிட முக்கியமாக, ஓராண்டுக்குப் பின் புரோகிராம் எழுத விடுவார்களா, அல்லது பிறர் எழுதியதை ஓட்டுவது மட்டும்தானா என்று கேட்கச் சொல்லுங்கள். ஓட்டுவது மட்டும்தான் என்றால் சற்றுத் தயங்கலாம். வேலைக்குப் போனபின் ஜி.டி. அண்ட் டி. (ட்ராயிங்கில் வரும் இத்தகைய டாலரன்ஸ் குறிகளின் முறை) பயிற்சி ஒன்றை ட்ராயிங்கோடு சேர்த்துப் படிப்பது போதும். பல மென்பொருள்களின் சான்றிதழ்களுக்காக இப்போதே செலவு செய்ய வேண்டாம். பட்டப்படிப்பு வேண்டும் என்று பின்னால் தோன்றினால், டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் இருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் உண்டு என்பதால், ஷிஃப்ட் நேரத்தையும் ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வண்டி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.