பயனீட்டாளர் கேள்வி-பதில்: வேனில் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நிற்கிறது, பேட்டரியை மாற்றலாமா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் பழைய வேன் ஒன்றில் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போய்ப் பழச்சாறும் செண்டோலும் விற்கிறோம். டிரைவர் சீட்டுக்கு அடியில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி இருக்கிறது. பின்கதவு ஓரம் ‘3000 வாட்’ என்று போட்ட இன்வெர்ட்டர். சின்ன ஐஸ்பெட்டி, பிளெண்டர், விளக்குகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. ஆறு மணிக்கு நன்றாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் பிளெண்டரைத் தட்டினால் இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். ஐந்து நிமிடம் விட்டால் திரும்ப வரும். எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. இப்போது கடைக்காரர் மூன்றாவது பேட்டரியும் புது இன்வெர்ட்டரும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஹார்ட்வேர் கடையில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று மட்டும் வாங்குங்கள். இரண்டு பேட்டரிக்குப் பணம் கொடுத்தும் ஒருவர்கூட உங்கள் வேனில் வோல்ட் அளந்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கத்திவிட்டு நிற்பது, கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் திரும்ப வருவது. இந்த இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் இன்வெர்ட்டர் கெட்டுப்போகவில்லை, அதற்கு வந்து சேரும் வோல்ட்தான் போதவில்லை. 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் ஏறக்குறைய 11 வோல்ட்டில் கத்தத் தொடங்கி, 10.5 வாக்கில் தானே நின்றுகொள்ளும். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

எட்டு மணிக்கு, அது கத்துகிற அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும். வீட்டுக்காரர் பிளெண்டரை ஓட்டட்டும். நீங்கள் முதலில் பேட்டரியின் இரண்டு டெர்மினல்களிலும், உடனே இன்வெர்ட்டரின் பின்பக்க டெர்மினல்களிலும் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 11.5, இன்வெர்ட்டரில் 10.4 என்று காட்டினால் நடுவில் 1 வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது. குற்றவாளி கேபிள், லக் (கேபிள் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக வளையம்), ஃபியூஸ் இவற்றில் ஒன்று. இரண்டிலும் ஒன்றுபோல 10.5-க்கு விழுந்தால் பேட்டரி காலி, அல்லது நொந்துவிட்டது. இரண்டிலும் 12 நிலையாக நிற்கும்போதே கரண்ட் போனால்தான் இன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் அது சுமை தாங்காமலோ சூடேறியோ நின்றிருக்கலாம். ஐஸ்பெட்டியின் சூடான காற்று அடிக்கிற இடத்தில் அதை வைக்காதீர்கள்.

உங்கள் வேனில் கேபிளும் ஒரு காரணமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிளெண்டர் 600 வாட், ஐஸ்பெட்டி 120, விளக்கு 40 என்று வைத்தால் 760 வாட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஐஸ்பெட்டியின் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கேட்கும். அப்போது 120 ஆம்பியரைத் தொட்டுவிடும். சீட்டுக்கு அடியிலிருந்து பின்கதவு வரை 4 மீட்டர் என்றால், போக வர 8 மீட்டர். 16 சதுர எம்எம் செம்புக் கேபிளில் அந்தத் தூரத்துக்கு 120 ஆம்பியர் போனால் ஏறத்தாழ 1.1 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 50 சதுர எம்எம் என்றால் 0.4 வோல்ட்கூடப் போகாது. மலிவான கேபிள்களில் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு மட்டும் இருப்பதுண்டு. அது இன்னும் மோசம். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான்.

ஆனால் தடித்த கேபிள் வாங்குவதற்கு முன், செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது. இன்வெர்ட்டரைக் கழற்றி முன்னால் கொண்டு வந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்குள் மாட்டுங்கள். பின்கதவுக்கு 230 வோல்ட் வயரை இழுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் 120 ஆம்பியர் இழுக்கிற அதே வேலைக்கு 230 வோல்ட்டில் 6 ஆம்பியர்கூட வேண்டாம். சாதாரண மூன்று கம்பி வயரே தாங்கும். ஐஸ் தண்ணீர் தெறிக்கிற இடம், ஈரக் கையோடு வேலை செய்கிறீர்கள். ஆகவே பிளக் பாயிண்ட் உயரமாகவும் மூடியோடும் இருக்கட்டும். இந்த 230 வோல்ட் பக்கத்து வேலையையும், கசிவு வந்தால் நிறுத்தும் சுவிட்ச் போடுவதையும் உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு நேர் மேலே மட்டும் வைக்காதீர்கள். ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பொறி பட்டால் வெடிக்கும்.

லக்குகளையும் பாருங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்புக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் தளர்வு. என் மைத்துனர் வேனில் சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் ஒன்று, மேலிருந்த பிளாஸ்டிக்கையே உருக்கிவிட்டது. அதற்கு முன் அவரும் ஒரு பேட்டரி மாற்றியிருந்தார். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது அது கடைசி. மோதிரம், வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கை வையுங்கள்.

இவ்வளவும் சரியான பிறகும் உங்கள் பேட்டரி சின்னதுதான், அதை மறைக்க மாட்டேன். ஐந்து மணி நேர வியாபாரத்துக்கு நீங்கள் எடுப்பது சுமார் 1,000 வாட்-அவர். 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம், அதாவது 600. அதைத் தாண்டித் தினமும் உறிஞ்சினால் எட்டு மாதத்தில் இரண்டு போவதில் வியப்பில்லை. அதிலும் வண்டியை ஸ்டார்ட் செய்கிற சாதாரண கார் பேட்டரியாக இருந்தால் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. ஆழமாகக் காலியாகித் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறுவதைத் தாங்கும் ‘டீப் சைக்கிள்’ பேட்டரி என்று கேட்டு வாங்க வேண்டும். ஐஸ்பெட்டியை முதல் நாள் இரவே வீட்டுக் கரண்டில் இறுக உறைய வைத்து, சந்தையில் அணைத்துவிடுங்கள். விளக்குகளை 12 வோல்ட் எல்இடியாக மாற்றி நேரே பேட்டரியில் கொடுங்கள். காலையில், வண்டியும் சார்ஜரும் ஓய்ந்து சில மணி நேரம் ஆன பின் பேட்டரி 12.6 காட்டுகிறதா பாருங்கள். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சந்தைக்குப் போகிற இருபது நிமிட ஓட்டம் அதை நிரப்பாது. வீட்டில் இரவெல்லாம் சார்ஜரில் போட வேண்டும்.

கேள்வி: நான் லித்தியம் பேட்டரிக்கு மாறிவிட்டேன். 100 ஆம்பியர்-அவர், இன்வெர்ட்டர் 2000 வாட். ஆனால் சத்தமே இல்லாமல் எல்லாம் ஒரேயடியாக அணைந்து போகிறது. ஏன்?

பதில்: கத்தாமல் அணைவதுதான் அடையாளம். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் பலகை அறுத்துவிடுகிறது. 2000 வாட்டுக்கு 170 ஆம்பியருக்கு மேல் வேண்டும். உங்கள் பலகை 100 ஆம்பியர்தான் விடும் என்றால், ஏறத்தாழ 1,100 வாட்டோடு அதன் எல்லை முடிந்தது. பேட்டரி மேல் ‘தொடர்ச்சியான டிஸ்சார்ஜ் கரண்ட்’ எவ்வளவு என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரே இணைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். லித்தியம் அளவுக்கு மீறி இழுத்து ஆல்டர்னேட்டரையே சூடாக்கிவிடும். நடுவில், இழுக்கும் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

கேள்வி: ‘3000 வாட்’ என்று சொல்லி விற்ற இன்வெர்ட்டர் 1000 வாட்கூடத் தாங்கவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கட்டாயம் கேளுங்கள். முதலில், அந்த 3000 கணநேர உச்சமா, தொடர்ந்து தருவதா என்று கையேட்டில் பாருங்கள். திறந்து பார்க்கக்கூடிய மாடலில் ஃபியூஸ்களை எண்ணினாலும் தெரியும். 40 ஆம்பியர் மூன்று என்றால் மொத்தம் 120. அதை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,440. அதில் 3000 எப்படித் தொடர்ந்து வரும்? சொன்ன வேலையைச் செய்யாத பொருளுக்கு மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பரிகாரம் உண்டு, இணையத்தில் வாங்கியதற்கும் அது பொருந்தும். கடை இணங்காவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 1-ஆம் பாரத்தைக் கொடுங்கள். கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது, விளம்பரப் பக்கத்தின் படம், பெட்டியின் லேபிள், மீட்டர் காட்டிய எண்ணின் படம் எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். விற்றவர் விளம்பரத்தை நாளைக்கே மாற்றிவிடலாம்.