தூங்கும் குழந்தையின் உடை: துணி முதல் தையல் வரை சில கேள்விகள்

கைக்குழந்தைகளுக்கான இரவு உடையைச் சொந்த பிராண்டில் கொண்டுவர நினைப்பவர்களும், அவர்களுக்குத் துணி ஓட்டித் தைத்துக் கொடுப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பகலில் போடும் உடை உறுத்தினால் யாராவது பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள். இரவில் விளக்கு அணைந்த பிறகு அந்தத் துணியும் குழந்தையும் மட்டும்தான். சில பதில்கள் கறாராகத் தெரிந்தால் காரணம் அதுதான்.

முதல் கலெக்ஷன் போடப்போகிறோம். சிங்கிள் ஜெர்சியா, இன்டர்லாக்கா, ரிப்பா? எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை)?

மூன்றும் பின்னல் துணி வகைகள்: ஜெர்சி ஒற்றை அடுக்கு, இன்டர்லாக் இரட்டை அடுக்கு, ரிப் வரி வரியாக மேடு பள்ளமாக இருப்பது. பிறந்ததிலிருந்து ஒரு வயது வரைக்குமான முழு உடைக்கு இன்டர்லாக் என்பேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பாக இருக்கும், வெட்டினால் ஓரம் சுருளாது, துவைத்தால் முறுக்கிக்கொள்ளாது. 40-ஆம் நம்பர் கோம்டு பருத்தி நூலில் 180 முதல் 200 ஜிஎஸ்எம் வரை நல்ல அளவு. உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய பைஜாமாவுக்கு ரிப் எடுங்கள். இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பி வரும் குணம் அதில்தான் அதிகம். வெயில் காலத்துக்கு மெல்லியதாக வேண்டுமென்றால் 150, 160 ஜிஎஸ்எம் ஜெர்சி போதும். ஆனால் அதன் முறுக்கைச் சமாளிக்க வேண்டியிருக்கும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கோம்பிங் செய்யாத கார்டு நூலில் கொஞ்சம் மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். கோம்பிங்கில் குட்டை இழைகள் வெளியேறிவிடும். கார்டு நூலில் அவை உள்ளேயே தங்கிப் பஞ்சுத் துகளாக உதிரும். கையையும் சட்டையையும் சப்பிக்கொண்டே தூங்கும் வயதில் அந்தத் துகள் வாய்க்குத்தான் போகும்.

இன்னொன்று, மென்மை. சாயப்பட்டறையில் இருந்து வரும் துணியைத் தொட்டுப் பார்த்து மயங்காதீர்கள். கையில் உணர்வதில் பாதி சிலிகான் சாஃப்ட்னராக இருக்கலாம். அது சில சலவையில் போய்விடும். இருக்கிறவரை துணியை வியர்வை உறிஞ்ச விடாது. ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியின்மேல் விட்டுப் பாருங்கள். சில விநாடிகளில் இழுத்துக்கொண்டால் நல்லது. முத்து மாதிரி உருண்டு நின்றால் சாஃப்ட்னர் கூடுதல். ஐந்து முறை துவைத்த துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் மென்மைக்கு ஒப்புதல் தர வேண்டும்.

வாடிக்கையாளர்கள் மூங்கில் துணி கேட்கிறார்கள். கிருமி அண்டாது, இயற்கையானது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பகுதி, மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து மறுபடி இழையாக்கிய விஸ்கோஸ்தான். கூழ் எந்த மரத்திலிருந்து வந்தாலும் கடைசியில் கிடைப்பது ஒரே இழை. செடியில் இருக்கும் குணம் அதில் மிஞ்சும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 2009-லேயே இப்படி விளம்பரம் செய்த நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. லேபிளில் ‘மூங்கிலிலிருந்து எடுத்த விஸ்கோஸ்’ என்று போடுவதே முறை.

துணி மோசம் என்று சொல்லவில்லை. குளிர்ச்சியாக, வழிந்து விழும் துணி, குழந்தைக்குச் சுகமாகவே இருக்கும். ஆனால் விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி பலத்தை இழக்கும். சீக்கிரம் பில்லிங் (மேலே சிறு பஞ்சு உருண்டைகள்) வரும், சுருக்கமும் பருத்தியைவிட அதிகம். அதே வழுவழுப்பு வேண்டும், துணியும் உழைக்க வேண்டும் என்றால் லையோசெல் கலவையைப் பாருங்கள். கரைப்பானைத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்தித் தயாரிக்கும் இழை அது. நனைந்தாலும் விஸ்கோஸைவிட நன்றாகத் தாங்கும்.

சாம்பிள் ஒப்புதலாகி பல்க்கும் (மொத்த உற்பத்தியும்) போய்விட்டது. இப்போது ‘ஒரு வயசு சைஸ் நாலு சலவையில் சின்னதாகிவிட்டது, கால் தையல் முன்பக்கம் வந்து நிற்கிறது’ என்று புகார். தப்பு துணியிலா தையலிலா?

பெரும்பாலும் துணியில்தான். டெய்லரைக் குறை சொல்ல வேண்டாம்.

பின்னல் துணி சாயமேறும்போதும் உலரும்போதும் நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு வளையமும் நீண்டு ஒடுங்கிப்போயிருக்கும். வீட்டில் தண்ணீரும் அசைவும் கிடைத்ததும் வளையம் தன் இயல்புக்குத் திரும்பும். சுருக்கம் என்பது அதுதான். அந்த இழுவையை ஆலையிலேயே திருப்பித் தள்ளுவதற்காகத்தான் காம்பாக்டிங் இருக்கிறது. கிலோவுக்குக் கூடுதல் மீட்டர் வரட்டும் என்று இழுத்துப் பிடித்து முடித்த துணி, கட்டிங் மேசையில் அழகாகத்தான் கிடக்கும்.

60 செ.மீ. நீள உடை 7 சதவீதம் சுருங்கினால் 4.2 செ.மீ. போய்விட்டது. குழந்தை உடையில் அது ஏறக்குறைய ஒரு சைஸ். பெரியவர்கள் சட்டையில் இதே சதவீதத்தை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். குழந்தை உடையில் பாதம் மூடிய மாடலாக இருந்தால் விரல்கள் மடங்கிப்போகும். அதனால் 5 சதவீதத்துக்கு மேல் வரும் துணியைத் திருப்பி அனுப்புங்கள்.

சோதனைக்குப் பெரிய லேப் வேண்டியதில்லை. ஒவ்வொரு சாய லாட்டிலும் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியிலும்) ஒரு துண்டு வெட்டி, அழியாத மையால் 50 செ.மீ. சதுரம் வரைந்து, லேபிளில் என்ன முறை எழுதப்போகிறீர்களோ அதே முறையில் மூன்று தடவை துவைத்து உலர்த்தி அளந்து பாருங்கள். 48 செ.மீ. வந்தால் 4 சதவீதம். அப்படியென்றால் 60 செ.மீ. வேண்டிய இடத்தில் பேட்டர்னை 62.5 செ.மீ. ஆக வெட்ட வேண்டும். நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள், இரண்டும் ஒரே மாதிரி சுருங்காது. எலாஸ்டேன் என்ற நீளும் இழை கலந்த துணியென்றால் ரோலைப் பிரித்து ஒரு நாள் தளர விட்டுவிட்டுத்தான் லே போட (வெட்டுவதற்கு அடுக்கி விரிக்க) வேண்டும். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடும் படி இது.

தையல் திரும்புவது ஸ்பைராலிட்டி. நூலில் மிச்சமிருக்கும் முறுக்கு, சிங்கிள் ஜெர்சியில் எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்த ஆளில்லாததால், துவைத்ததும் அவிழப் பார்க்கிறது. முறுக்கு குறைந்த நூல் கேளுங்கள். ஃபினிஷிங்கில் கோணலைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவும் பலிக்கவில்லையென்றால் அந்த மாடலை இன்டர்லாக்குக்கு மாற்றிவிடுவதே சுலபம்.

அமெரிக்க ஆர்டர் ஒன்று வரும்போல் இருக்கிறது. பருத்தி பைஜாமாவுக்குத் தீத்தடுப்பு ரசாயனம் போட்டே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் விதியை முழுசாகப் படித்துவிட்டு டிசைன் தொடங்குங்கள்.

அங்கே குழந்தைகளின் இரவு உடைக்குத் தனித் தீப்பாதுகாப்பு விதி உண்டு. 9 மாத சைஸ் வரையிலான சிறு உடைகளுக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. ஒற்றை உடையானால் நீளம் 64.8 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு மேற்பட்ட சைஸ்களுக்கு இரண்டு வழி. ஒன்று, துணி அந்தத் தீச்சோதனையில் தேற வேண்டும், அதுவும் 50 சலவைக்குப் பிறகும். சாதாரணப் பருத்தி தேறாது. இரண்டாவது, உடம்போடு ஒட்டிய உடையாகத் தைப்பது. 1996-இல் விதியைத் திருத்தி இந்த வழியைத் திறந்தார்கள். தளர்வான உடைதான் தீயின் பக்கம் போய்ப் பற்றும், உள்ளே காற்றும் இருக்கும். ஒட்டிய உடையில் அந்த வாய்ப்பு குறைவு என்பதே இதன் தர்க்கம். மார்பு, இடுப்பு, தொடை, மணிக்கட்டு, கணுக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் உச்ச அளவு கொடுத்திருக்கிறார்கள். ஒட்டுவேலை, லேஸ் எதுவும் 6 மி.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது. உடை தீத்தடுப்பு இல்லாதது, ஒட்டினாற்போல் போட வேண்டும் என்று சொல்லும் மஞ்சள் அட்டையும் கழுத்து லேபிளும் கட்டாயம். இவ்வளவும் செய்தாலும் சாதாரண உடைகளுக்கான பொதுத் தீச்சோதனை விதி பொருந்தும். பிரஷ் செய்து ரோமம் எழுப்பிய துணியானால் அதில் கவனம் தேவை.

இங்கேதான் முந்தைய கேள்வி திரும்பி வருகிறது. உச்ச அளவை உடை விற்பனைக்கு வரும் நிலையிலேயே தாண்டக் கூடாது. அதாவது, சுருங்கிவிடுமே என்று பேட்டர்னைத் தாராளமாகப் போட உங்களுக்கு இடமில்லை. சுருக்கம் குறைந்த ரிப் கையில் இல்லாமல் இந்த ஆர்டரை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ரசாயனம் பற்றி ஒரு வார்த்தை. ட்ரிஸ் என்ற தீத்தடுப்புப் பொருளைக் குழந்தைகளின் இரவு உடையில் போட்டு, அது புற்றுநோய் அபாயம் உள்ளது என்று தெரியவந்து, 1977-இல் அமெரிக்காவிலேயே தடை செய்தார்கள். தோலோடு இரவு முழுக்க ஒட்டியிருக்கும் துணியில் எதை ஏற்றுகிறோம் என்ற கேள்வி அன்றிலிருந்து மாறவில்லை. தைக்கும் முறையால் தீர்க்க முடிந்ததை ரசாயனத்தால் தீர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்நாப் பட்டனா, ஜிப்பா?

பெற்றோருக்கு ஜிப் பிடிக்கும், இரவு மூன்று மணிக்கு டயப்பர் மாற்றுகிறவர்களைக் கேளுங்கள். கீழிருந்தும் திறக்கிற இருவழி ஜிப் போட்டால் மார்பைத் திறக்காமலே வேலை முடியும். மேல் முனையில் தாடையில் படாதபடி மடிப்புத் துணி, உட்பக்கம் முழு நீளத்துக்கும் ஒரு பட்டை, இரண்டும் கட்டாயம். சிக்கல் வேறு இடத்தில் வரும். பாலியஸ்டர் ஜிப் டேப் சுருங்காது, பருத்தி சுருங்கும். 45 செ.மீ. ஜிப்பின் இருபுறமும் துணி 4 சதவீதம் சுருங்கினால் கிட்டத்தட்ட 2 செ.மீ. டேப் மிஞ்சிப்போய், குழந்தையின் வயிற்றின்மேல் அலை அலையாக மேடு தட்டும். துவைத்த சாம்பிளைப் படுக்கவைத்துப் பார்த்தால் உடனே தெரியும்.

ஸ்நாப்பில் பயம் ஒன்றுதான், கழன்று வாய்க்குள் போவது. ஒற்றைத் துணியில் ஒருபோதும் அடிக்காதீர்கள். இரண்டு மடிப்பு, நடுவே பலப்படுத்தும் டேப், பின்னல் துணியைக் கவ்விப் பிடிக்கும் பல் வளைய வகை ஸ்நாப். அடிக்கும் மெஷினின் அழுத்தம் நாளுக்குள்ளேயே மாறும். ஆகவே ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும், மோல்டு மாற்றும்போதும் இழுவைச் சோதனை நடக்க வேண்டும். வாங்குபவர்கள் பெரும்பாலும் 70 அல்லது 90 நியூட்டன் விசையில் 10 விநாடி கேட்பார்கள். துவைத்த பிறகும் ஒரு முறை இழுங்கள். ஸ்நாப் கழலாமல் அதைச் சுற்றித் துணி கிழிந்து வந்தாலும் அது தோல்விதான்.

உடையின் பாடித் துணியும் கழுத்துப் பட்டைக்கான ரிப்பும் நிறத்தில் ஒத்துப்போகவே மாட்டேன் என்கிறது.

இரண்டையும் ஒரே நூல் லாட்டில் ஓட்டி, ஒரே சாயத்தொட்டியில் போடச் சொல்லுங்கள். ரிப்பைப் பிறகு தனியாகப் போட்டால் சேராது. லேப் டிப்பை (நிற ஒப்புதலுக்கு அனுப்பும் சிறு சாய மாதிரியை) ஒரு விளக்கில் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பகல் வெளிச்சத்திலும் கடை வெளிச்சத்திலும் பாருங்கள்.

ஓகோ-டெக்ஸ் போதுமா, காட்ஸும் வேண்டுமா?

இரண்டும் துணிக்கான சான்றிதழ்கள்தான், ஆனால் வேறு வேறு கேள்விக்குப் பதில். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100, கையில் இருக்கும் பொருளில் தீங்கான ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறது. காட்ஸ், இழை ஆர்கானிக்கா, வழியில் எப்படிப் பதப்படுத்தினார்கள், தொழிலாளர் நிலை என்ன என்பதையெல்லாம் பார்க்கிறது. ஆர்கானிக் என்று சொல்லி விற்கப்போவதில்லையென்றால் முதலில் ஓகோ-டெக்ஸ் போதும். ஆனால் ‘கிளாஸ் 1’ என்று சான்றிதழில் இருக்கிறதா பாருங்கள். 3 வயது வரையிலான குழந்தைகளுக்கான வகுப்பு அது. ஃபார்மால்டிஹைடு வரம்பு கிளாஸ் 2-இல் 75 பிபிஎம் (பத்து லட்சத்தில் 75 பங்கு), கிளாஸ் 1-இல் 16 பிபிஎம். உமிழ்நீரில் சாயம் இறங்கக் கூடாது என்ற சோதனையும் உண்டு.

நூலுக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி, சாயமேற்றிப் பிரிண்ட் போட்ட துணியையும் அதே கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சாயமும் பிரிண்டும்தான் ரசாயனம் ஏறும் இடம். டிஸ்சார்ஜ் பிரிண்டில் (அடிச்சாயத்தை அழித்துப் போடும் பிரிண்டில்) ஃபார்மால்டிஹைடு வெளிவரும் பொருள்கள் சாதாரணமாகப் பயன்படுகின்றன, குழந்தை உடைக்கு அது வேண்டவே வேண்டாம். தேறிய துணியைக்கூட ப்ளைவுட் அலமாரியில் திறந்து வைத்தால் பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஏறிக்கொள்ளும். தைத்ததும் பையில் போட்டு மூடிவிடுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் போட ஆசை. டாக் அளவை ஜிஎஸ்எம்மிலிருந்து கணக்கிடலாமா? எடை வைத்த மாடல் நன்றாகப் போகும் என்கிறார்களே?

கணக்கிட முடியாது. டாக் என்பது வெப்பம் தப்பிப்போவதைத் தடுக்கும் அளவு. துணிக்குள் அடைபட்ட காற்றுதான் அதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எடை கூடிய துணி சூடு குறைவாகவும், லேசான ஃபில்லிங் சூடு அதிகமாகவும் இருக்கலாம். லேபில் சோதித்து வந்த எண்ணைத்தான் அச்சிட வேண்டும். தவறான எண்ணை நம்பிப் பெற்றோர் உள்ளே இன்னொரு உடை போட்டுவிட்டால் குழந்தைக்குச் சூடு மிதமிஞ்சும். கழுத்துத் திறப்பும் கைத்திறப்பும் தலை உள்ளே நழுவாத அளவில் இருக்க வேண்டும். இஎன் 16781 என்ற ஐரோப்பியத் தரம் இதற்கென்றே இருக்கிறது.

எடை வைத்த மாடலைச் செய்யாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-இல் வெளியிட்ட பாதுகாப்பான தூக்க வழிகாட்டுதலில், எடை வைத்த போர்வையோ உடையோ தூங்கும் குழந்தைமீதும் அருகிலும் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நன்றாகப் போகும் என்பது காரணமாகாது.

கரடிக் காது வைத்த ஹூட், கழுத்தில் சின்ன ரிப்பன் வைக்கலாமா?

இரவு உடையில் இரண்டும் கூடாது. காது வேண்டுமென்றால் பிரிண்டாகப் போடுங்கள்.

தைக்கும் யூனிட்டை முதல்முறை பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேளுங்கள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, தேதியோடு நோட்டில் ஒட்டிவிட்டுத்தான் புது ஊசி தர வேண்டும். ஒரு துண்டு கிடைக்கவில்லையென்றால் அந்த நேரத்தில் தைத்த பீஸ்களைத் தனியே ஒதுக்க வேண்டும். ஒரு பக்கம்கூட ஒட்டாத புது நோட்டைக் காட்டி ‘எங்களிடம் ஊசியே உடையாது’ என்றால் நம்ப வேண்டாம். அப்புறம், பேக்கிங்குக்கு முன் எல்லா பீஸும் மெட்டல் டிடெக்டரில் போகிறதா, சோதனைத் துண்டு வைத்து மெஷினை உங்கள் எதிரிலேயே சரிபார்க்கிறார்களா என்று பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத ஸ்நாப், ஜிப்பை முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருந்தால்தான் இது நடக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பீஸுக்கும் மெஷின் கத்தும், இரண்டாம் நாள் யாராவது அதை அணைத்துவிடுவார்கள்.