ஹெரால்டுக்கு ஜிப்ஸி எஞ்சின் – கடிதம்

சார், வணக்கம்.

அப்பா 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருந்தார். அவர் போன பிறகு பன்னிரண்டு வருடம் குரோம்பேட்டை வீட்டு ஷெட்டிலேயே நின்றது. போன வருடம் டின்கரிங், பெயிண்ட் எல்லாம் முடித்துவிட்டேன். ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது. ஆனால் பல்லாவரம் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் சூடு ஏறிவிடுகிறது. கத்திப்பாரா மேம்பாலத்தில் திணறுகிறது. "இந்த 948 சிசியை வெச்சுகிட்டு என்ன பண்ணப் போறீங்க? மாருதி ஜிப்ஸி எஞ்சினும் ஃபைவ் ஸ்பீட் கியர்பாக்ஸும் போட்டுடலாம், சேஸிஸ்ல ரெண்டு இடத்துல வெட்டி வெல்ட் அடிச்சா போதும்" என்கிறார் மெக்கானிக். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் வரை போய்வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. என்ன செய்யலாம்?

கே., குரோம்பேட்டை

அன்புள்ள கே.,

முதலில் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், கை வைக்க விடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் வண்டி உங்கள் வீட்டிலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே, வண்டலூரில் பிறந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் மொத்தமாகத் திறக்கலாம். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கிற சுகம் வேறு எந்தக் காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜிப்ஸியின் இன்ஜெக்ஷன் எஞ்சின் 80 குதிரைத்திறன். உங்கள் 948 அதில் பாதியைக்கூடத் தொடாது. அந்த 80-ஐ யார் தாங்குவது? கிளட்ச், கியர்பாக்ஸ் இரண்டும் புதிது என்று வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், இரண்டு பக்க ஆக்ஸில் ஷாஃப்ட், அது மடங்கிச் சுழல உதவும் ஜாயின்ட் கிராஸ், கடைசியில் டிரம் பிரேக். இவை எல்லாமே 948-க்கு அளவெடுத்தவை. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு 1147 சிசி எஞ்சின் போட்டபோது, அந்தக் கம்பெனிக்காரர்கள் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 4.875 ஆக இருந்த டிஃபரன்ஷியல் விகிதத்தை 4.11 ஆக மாற்றினார்கள். எஞ்சினும் டிஃபரன்ஷியலும் ஜோடி. ஒன்றைத் தொட்டால் இன்னொன்றையும் தொட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று, ஹெரால்டின் பின்பக்கம். அது ஸ்விங் ஆக்ஸில், அதாவது இரண்டு பக்க அச்சும் நடுவிலிருந்து தனித்தனியே மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பக்கம் மேலே எழும்பிச் சக்கரம் உள்பக்கமாக மடங்கும். வண்டி நம் கையில் இருக்காது. 948 சிசியில் அந்த வேகம் வருவதே அபூர்வம் என்பதால் பல பேர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் ஸ்டாண்டர்டு கேஸல் வந்தபோது வண்டலூர்க்காரர்களே ஸ்விங் ஆக்ஸிலைக் கைவிட்டு, ஒரே தண்டாக இருக்கும் ஆக்ஸிலுக்குப் போய்விட்டார்கள்.

நான் பார்த்திருக்கிறேன். 1998-இல் என்னிடம் இருந்த ஹெரால்டுக்கு வேறொரு காரின் எஞ்சினை ஏற்றினேன். திருவான்மியூர் தாண்டி ஒரு வளைவில், எதிரே வந்த மாட்டு வண்டிக்காகக் காலை எடுத்தேன். வண்டி முழுச் சுற்று சுற்றி மணலில் போய் நின்றது. பின் சீட்டில் என் தம்பி இருந்தான். இருவருக்கும் அடியில்லை. மறுநாளே பழைய எஞ்சினைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று பட்டறைக்குப் போனால், அதை இரும்பு விலைக்கு எடைக்குப் போட்டிருந்தார்கள். என்னிடம் கேட்கவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கேஸ் கட்டரால் அறுத்த குறுக்குச் சட்டம் பல் பல்லாக, கரி பிடித்துத் தொங்கியது. பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு எஞ்சின் பிளாக் கிடைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்தச் சட்டத்தை இன்றுவரை சரியான நேர்கோட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு முதல் வரியிலேயே அப்படி எழுதினேன்.

இது தவிர, அரசாங்கச் சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்கள் விபத்துக்குப் பிறகுதான் எஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள். 2021-இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி, மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். அப்படிப் பதிந்தால் சாதாரணமாக ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி என்றுதான் எடுக்கலாம். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு அது இப்போது ஒத்துவராது. ஆனால் நாளைக்கு உங்கள் மகள் அப்படிப் பதிய நினைத்தால், சேஸிஸும் எஞ்சினும் அப்படியே இருக்க வேண்டும்.

சரி, உங்கள் வண்டியின் நோய்க்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சக்தி போதாதது அல்ல சிக்கல், சூடுதான். சூடான எஞ்சின் மேம்பாலத்தில் திணறத்தான் செய்யும். பன்னிரண்டு வருடம் நின்ற ரேடியேட்டரின் குழாய்கள் துருவால் அடைத்திருக்கும். வெளியே கழுவினால் போதாது, உள்ளிருக்கும் குழாய்த் தொகுதியையே (கோர்) மாற்றுங்கள். பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் வழியிலும் சேறு படிந்திருக்கும். பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை மூடியிருக்கும் வெல்ஷ் பிளக்குகளைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு காரணம் பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். பழைய கார்புரேட்டர் செட்டிங்கில் அது மெலிந்த கலவையாக எரியும், சூடு கூடும். பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் அரித்துவிடும், அவற்றை இந்த வாரமே மாற்றுங்கள். தீப்பிடிக்கிற விஷயம் அது.

எஞ்சினை இறக்கலாமா வேண்டாமா என்று தெரிய, நீங்களே ஒரு சோதனை செய்யலாம். எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு பானெட்டைத் திறந்து வையுங்கள். உள்ளே ஒருவர் கிளட்சை மிதித்து விடட்டும். நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியை, அதாவது கிராங்கின் முன்முனையில் பெல்ட் ஓடும் சக்கரத்தை, பாருங்கள். மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்ந்து, விட்டதும் திரும்பினால், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இந்த எஞ்சின் குடும்பத்தின் தீராத பலவீனம் இது. அப்படியே ஓட்டினால் வாஷர் கீழே விழுந்து, கிராங்க் உரசி பிளாக்கையே தின்றுவிடும். கண்ணுக்குத் தெரிகிற அளவு அசைந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், எஞ்சினை இறக்குங்கள்.

இறக்கினால் சிலிண்டரைக் கடைந்து ரீபோர், புது பிஸ்டன், பேரிங், அதோடு ஹெட்டுக்குக் கடினமான வால்வு சீட்டும் போட்டுவிடுங்கள். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு சீட் அந்த ஈயத்தை நம்பி இருந்தது. போரிங் செய்கிற இடத்தில் பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், கேஜ் வைத்து அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

உங்களுக்குப் புதுமையும் வேண்டும் என்றால் நான் மனதாரச் சொல்வது இவை: தீப்பொறியைத் தூண்டும் பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், அப்புறம் ஒரு எலெக்ட்ரிக் ஃபேன். டைனமோ சிக்னலில் நிற்கும்போது சார்ஜே கொடுக்காது, அதனால் ஃபேனுக்கு முன்னால் ஆல்டர்னேட்டர். இதைச் செய்யும் முன் பாட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அப்படியே ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் அந்த நொடியே அதன் டையோடு போய்விடும். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கிடைத்தால் தயங்காமல் போடுங்கள். இவை எல்லாமே போல்ட்டில் போகிறவை, நாளைக்குக் கழற்றி வைக்கலாம். கழற்றும் பழைய பாகம் ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, பெயர் எழுதி, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் விட வேண்டாம்.

ஜாயின்ட் கிராஸ்களை வண்டியைத் தூக்கி நிறுத்திக் கையால் ஆட்டிப் பாருங்கள். "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டாலும் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

முதலில் கிளட்ச் சோதனையைச் செய்துவிட்டு, புல்லி அசைந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.