அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவன் நான், குடியுரிமை இல்லை. மேலே படிப்பதா, அப்பாவோடு வேலைக்குப் போவதா?

தம்பி, உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். பிளஸ் டூவில் நல்ல மார்க், அப்பாவுக்குப் பெயிண்டிங் வேலை, தங்கை ஒன்பதாவது படிக்கிறாள், "படித்தாலும் பாஸ்போர்ட் கிடைக்காது, அரசு வேலையும் கிடைக்காது, அப்புறம் எதற்கு மூன்று வருஷம் என்று முகாமில் எல்லோரும் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். நான் மதுரை மாவட்டத்தில் ஒரு முகாமில் 1994-ல் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் பதிவானவர்கள். இதே கேள்வி 2011-ல் எங்கள் வீட்டிலும் வந்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என் பதில், படி. ஆனால் எந்தக் கதவு நமக்குத் திறக்கும், எது திறக்காது என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு படி. இது தெரியாமல் படித்துவிட்டு மனம் ஒடிந்துபோனவர்களைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் படிப்பே வேண்டாம் என்கிறார்கள்.

முதலில் காகிதம். குடியுரிமை விஷயத்தில் பிறந்த ஊரை விடப் பிறந்த தேதிதான் பெரிது. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் அவர் பிறப்பால் இந்தியக் குடிமகன். அன்றிலிருந்து 2004 டிசம்பர் 3-க்குள் பிறந்திருந்தால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்த உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு அதுவும் போதாது, ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்ற கணக்கில் வராதவராகவும் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர்களை அரசு அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. என் பெரியப்பா மகன் இந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்தவர். அண்ணிக்கு ஓட்டு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. ஆனாலும் 2008-ல் பிறந்த அவர்கள் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கேட்டுப் போனபோது இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. இந்த ஊரில் சம்பந்தம் வைத்தால் பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும் என்று முகாமில் சொல்வதை அப்படியே நம்பிவிடாதே.

அதனால் நீ செய்ய வேண்டிய முதல் வேலை, உன் அப்பா எங்கே, எந்தத் தேதியில் பிறந்தார் என்று பார்ப்பது. அம்மாவுக்கும் அதே மாதிரி பார். உன் வயதுப் பிள்ளைகளின் பெற்றோரில் சிலர் 1984, 85, 86-ல் மண்டபத்திலோ வேறு முகாமிலோ பிறந்தவர்களாக இருக்க வாய்ப்புண்டு. அவர்களுக்கே தாங்கள் குடிமக்கள் என்று தெரியாமல் இருக்கும். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருப்பவர், இதே தேதிக் கணக்கைச் சொல்லித்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் உத்தரவு வந்தது, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அந்தச் செய்தியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, பேப்பரை வாங்கி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பா வந்தது 1990 என்பதால் எங்களுக்கு அந்த வழி இல்லை. உன் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் விடாதே. இருந்தாலும் உனக்குத் தானாகக் கிடைத்துவிடாது, அப்பா அம்மாவில் மற்றவருடைய நிலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அதற்கு வக்கீல் வேண்டும். ஆனால் ஒருவருக்குக் கிடைத்தாலும் வீட்டுக்கே தெம்பு.

எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் பை உண்டு. பத்துக்குப் பத்து அறையில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும், உள்ளே உரச் சாக்கிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் தாளில் காகிதங்கள் சுற்றியிருக்கும். மண்டபத்தில் கொடுத்த பதிவு அட்டை, குடும்ப அட்டை, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அம்மா இடுப்பில் முடிந்து கடல் கடந்து கொண்டுவந்த அவருடைய பிறப்புப் பத்திரம். மழை பெய்து கூரை ஒழுகினால் அம்மா முதலில் அந்தப் பையைத்தான் எடுப்பார், அப்புறம்தான் அரிசி. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தும், அப்பாவின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருப்பதை நான் கல்லூரியில் சேரப்போன அன்றுதான் கவனித்தேன். ஒன்றில் தாத்தா பெயர் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் எழுத்தே வேறு. கவுண்டரில் இருந்தவர் எல்லாவற்றையும் திருப்பித் தந்து சரிசெய்து கொண்டுவா என்றார், கடைசி நாளுக்கு நான்கு நாள்தான் இருந்தது. அந்த நான்கு நாளும் அண்ணன் வேலைக்குப் போகவில்லை, என்னோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தான். நீ இப்போதே எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து, பெயர், இனிஷியல், தேதி மூன்றையும் ஒத்துப் பார்.

இன்னொன்று. பள்ளி மாற்றுச் சான்றிதழில் நாட்டினம் என்ற இடத்தில் வழக்கமாக இந்தியன் என்று போட்டுவிடுவார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அதற்காகப் பள்ளியோடு சண்டை போடத் தேவையில்லை. ஆனால் விண்ணப்பத்தில் நீ உன் கையால் எழுதும்போது உள்ளதை எழுது, இலங்கை அகதி, முகாம் பெயர், பதிவு எண். ஆதார் இருக்கிறதே என்று நினைக்காதே. அது ஆள் அடையாளத்துக்குத்தான் சான்று, குடியுரிமைக்குச் சான்று இல்லை. பொய்யாக எழுதியது பின்னால் வெளியே வந்தால் அதைச் சரிசெய்வது மிகக் கஷ்டம்.

சரி, படிப்பு. டாக்டர் ஆசை இருந்தால் இதைப் படிக்க வலிக்கும். நீட் எழுதலாம், வெளிநாட்டவரும் எழுதலாம், ஆனால் மாநிலக் கலந்தாய்வில் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற விதி நிற்கிறது. எங்கள் முகாமில் ஒரு பிள்ளை இரண்டு வருஷம் அதற்காகவே படித்து உட்கார்ந்திருந்தாள், அவள் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சியும் அப்படித்தான். கலை அறிவியல், பாலிடெக்னிக், பொறியியல் திறந்திருக்கின்றன. அரசின் உதவித்தொகையும் உண்டு. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவித்தபோது மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பொறியியல் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றார்கள், மற்றப் படிப்புகளுக்கான தொகையையும் கூட்டினார்கள். முகாம் ஆர்ஐ-யிடமும் (வருவாய் ஆய்வாளர்) கலெக்டர் அலுவலகத்தில் அகதிகள் பிரிவிலும் கேள். வாயால் கேட்டு வந்துவிடாதே, மனுவாக எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கு. சந்திரஹாசன் ஐயா தொடங்கிய ஈழ ஏதிலியர் கழகமும் முகாம் பிள்ளைகளின் படிப்புக்கு நெடுநாளாக உதவி வருகிறது, அங்கேயும் விசாரி.

நான் எடுத்தது பி.காம். பெரிய ஆசையோடு எடுக்கவில்லை, கட்டணம் குறைவு, பஸ் ஒன்றே போதும். மூன்றாம் வருஷம் மாலையில் டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். முதலில் போன இரண்டு கம்பெனிகளில் வேலை தருவதாகச் சொல்லிவிட்டு, காகிதம் சரிபார்க்கும்போது இழுத்தடித்தார்கள், மூன்றாவது மாதம் பதிலே இல்லை. அப்புறம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மிகக் குறைந்த சம்பளத்தில் சேர்ந்தேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. ஊரில் இருந்த கடைக்காரர்கள் எல்லோரும் பில் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டரிடம் ஓடி வந்தார்கள், வேலை தெரிந்த ஆளுக்குத் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் என் நாட்டினம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை, ரிட்டர்ன் போடத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். இன்று வரை அந்த வேலைதான் எங்கள் வீட்டுக்குச் சோறு. கணக்கு, மென்பொருள், நர்சிங், லேப் டெக்னீசியன் என்று சின்னத் தனியார் இடங்களும் ஆள் தேடுகிற படிப்பாகப் பார். நர்சிங் மாதிரி கவுன்சிலில் பதிவு தேவைப்படும் படிப்பென்றால், நம் காகிதத்துக்குப் பதிவு தருவார்களா என்று சேரும் முன்பே கேட்டுவிடு.

இப்போது வீடு. நீ கேட்டதில் எனக்கு நெஞ்சில் தைத்தது அதுதான். மாதப் பணம் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று 2021-ல் கூட்டினார்கள். அதை வைத்து ஒரு வீடு ஓடாது என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அண்ணன் பத்தாவதோடு நின்று பதினாறு வயதில் பிரஷ் பிடித்தான். காலையில் ஐந்தரைக்கு வேன் வரும், மாலையில் வரும்போது இமையில் கூடச் சுண்ணாம்பு இருக்கும், மண்ணெண்ணெய் வைத்துக் கையைத் துடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். நான் முதல் வருஷம் படிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. அன்று கல்லூரியை விட்டுவிடுகிறேன் என்று நான் சொன்னேன். படுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் அவன் சொன்னது இதுதான்: "நீயும் நின்றால் நான் விழுந்தது எதற்கு?" அம்மா இரண்டு வருஷம் பூக்கட்டி விற்று வீட்டை ஓட்டினார், நான் சனி ஞாயிறு டியூஷன் எடுத்தேன். உன் அப்பாவுக்கு நீ நாளைக்கே பெயிண்டராகப் போனால் இரண்டு கூலி வரும், உண்மைதான். ஆனால் இருவரும் ஒரே சாரத்தில் நின்றால், மழைக்காலத்தில் இருவருக்கும் ஒன்றாகத்தான் வேலை நிற்கும். லீவு நாளில் அப்பாவோடு போ, அதில் தப்பே இல்லை. கல்லூரியை மட்டும் விடாதே.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. 2012-ல் எங்கள் முகாமிலிருந்தும் ஆஸ்திரேலியா படகுக்கு நகை விற்றுக் கொடுத்தவர்கள் உண்டு, அண்ணனும் கிளம்பப் பார்த்தான், அம்மா தாலியைக் கழற்றித் தர மறுத்ததால் நின்றான். 2013 ஜூலை 19 முதல் படகில் வருபவர்களை அங்கே குடியேற்றவே மாட்டோம் என்று அந்த அரசு அறிவித்துவிட்டது. கொடுத்த பணம் திரும்பி வந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும்தான், இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு உத்தரவு வந்தது, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று. இது குடியுரிமை இல்லை. ஆனால் சிறை பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அம்மா அன்று நன்றாகத் தூங்கினார். இலங்கைக் குடியுரிமையைப் பதிவு செய்யும் வழியும் சென்னைத் துணைத் தூதரகம் மூலம் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உன் வீட்டில் யாருக்காவது 1987-க்கு முந்தைய பிறப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போடு.

தேதிகளை இங்கே பின்னூட்டத்தில் எழுதாதே தம்பி, முகாம் பெயரும் வேண்டாம். இன்று ராத்திரி அப்பா வந்து கைகால் கழுவினதும் காகிதப் பையை இறக்கச் சொல்லி அவர் பிறப்புப் பத்திரத்தை முதலில் எடு. தங்கையையும் பக்கத்தில் உட்காரவை, எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியட்டும்.